கையால் திருத்தாதீர்கள்

லினக்ஸ் சர்வரில் பெயர் சமாசாரம் முழுவதும் ஒரு காலத்தில் மூன்று வரிக்குள் அடங்கிக் கிடந்தது. ஈடிசி டைரக்டரியில் ரிசால்வ்.கான்ஃப் என்று ஒரு ஃபைல். முதல் வரியில் கம்பெனி டொமைன், அடுத்த இரண்டில், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் நேம்சர்வர்களின் ஐபி. மூன்று நேம்சர்வர் வரை எழுதலாம். நாலாவதாக ஒன்று எழுதினால் சர்வர் திட்டாது, சட்டை செய்யவும் செய்யாது. விஐ எடிட்டரில் திறந்து, மாற்றி, சேமித்து வெளியே வந்தால் வேலை முடிந்தது. அந்த ஃபைல் யாருடையது என்ற கேள்வி எழுந்ததே இல்லை. ரூட் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியுமோ அவருடையது.

இன்றைக்கு அதே ஃபைலைத் திறந்தால் மேலே நீளமாக ஓர் அறிவிப்பு. இதை இன்ன சேவை நிர்வகிக்கிறது, கையால் திருத்தாதீர்கள். அதைத் தாண்டி இறங்கினால் ஒரே ஒரு நேம்சர்வர், 127.0.0.53. வேறு யாருமில்லை, அந்தச் சர்வரேதான். பெயர் தெரிய வேண்டுமானால் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன் என்கிறது. போதாக்குறைக்கு, நாம் திறந்தது ஃபைலே இல்லை; ரன் டைரக்டரிக்குள் எங்கோ கிடக்கும் வேறொரு ஃபைலுக்குப் போட்ட லிங்க். நிஜ நேம்சர்வர் யார் என்பதை ரிசால்வ்சிடிஎல் என்ற தனிக் கட்டளை போட்டுத்தான் விசாரிக்க வேண்டும். இதை வளர்ச்சி என்கிறார்கள். வளர்ச்சிதான். வளராத காலத்தில் எங்கள் பாடு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் கட்டி மேய்த்த சர்வர் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை ஆபீஸில், டைப்பிஸ்ட் மேஜைக்குக் கீழே இருந்தது. பிசி க்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து ஏற்றிய லினக்ஸ். உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டு, வெளியே ஒரு மோடம், இரண்டின் மேலும் சமமாகப் பஞ்சுத் தூசி. ஆபீஸிலிருந்த விண்டோஸ் 98 மெஷின்கள் அத்தனையும் இந்த ஒற்றைப் பெட்டி வழியாகத்தான் வெளியுலகம் போயின. டயல்டி என்று அதில் ஒரு புரோகிராம் ஓடியது. யாராவது வெளியே போக வேண்டியதைக் கேட்டால் தானே டயல் செய்யும். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் தானே லைனை வைத்துவிடும். முதலாளிக்கு இதில் ஒரு தனிப் பெருமை. "ஆளே வேண்டாங்க, அதுவா போன் போடுது, அதுவா வெச்சிருது" என்று வருகிறவர்களையெல்லாம் மேஜைக்கடியில் குனிய வைத்துக் காட்டுவார்.

அதுவாகத்தான் போட்டது. ராத்திரி இரண்டு மணிக்கும் போட்டது. டெலிபோன் பில் வந்த அன்று அக்கவுண்டன்ட் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜையருகே வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, ராத்திரி யாருங்க இங்க உக்காந்து இன்டர்நெட் பாக்கறது?"

"யாருமில்லைங்க சார்."

"யாருமில்லாததுக்கா இத்தனை பில்லு?"

நியாயமான கேள்வி. விடை, ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் இருந்தது. வாட்ச்மேன் மட்டும் இருக்கும் நேரத்தில், அணைக்காமல் விட்டுப்போன விண்டோஸ் மெஷின்கள் பக்கத்து மெஷினின் பெயரைச் சர்வரிடம் விசாரித்துக்கொண்டிருந்தன. சர்வருக்குத் தெரியாது. தெரியாததை வெளியே கேட்க வேண்டும் என்பது விதி. கேட்க லைன் வேண்டும், அதனால் டயல். மோடம் கீச்சிட்டு, முனகி, லைன் பிடித்து, கேள்வி கடல் கடந்து போய், "அப்படி ஒரு பெயர் உலகத்திலேயே கிடையாது" என்ற பதிலோடு திரும்பி வரும். கேட்ட பெயர் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் டிஸ்பேட்ச் செக்‌ஷன் மெஷினுடையது. அது இருக்கிறது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இல்லை என்று வெளிநாட்டிலிருந்து உறுதி செய்துகொள்ள ஒரு லோக்கல் கால் செலவு.

பெயரைக் கேட்டாவது தொலையட்டும், ஐபியைக் கொடுத்து "இது யார்?" என்று தலைகீழாகவும் கேட்டன. 192.168 என்று தொடங்கும் எண்கள் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாதவை. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய மூன்று தொகுதிகளையும் உள்ளுக்குள்ளே யார் வேண்டுமானாலும் புழங்கிக்கொள்ளலாம் என்று 1996-ல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிவைத்தது. ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு 192.168.1.1 உண்டு. அது யார் என்று வெளியே கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? ஆனாலும் உலகம் முழுக்க எல்லா ஆபீஸ்களும் கேட்டுக்கொண்டே இருந்தன, இருக்கின்றன. இந்தக் கேள்விகளுக்கு "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் சொல்வதற்கென்றே ஏஎஸ் 112 என்ற பெயரில் தன்னார்வலர்கள் பல நாடுகளில் சர்வர் வைத்து நடத்துகிறார்கள். அந்தச் சர்வர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கவனியுங்கள்: ஒன்று பிரிசனர், மற்ற இரண்டும் பிளாக்ஹோல். இந்தத் துறையில் நகைச்சுவை உணர்வு உள்ளவர்கள் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்று எனக்கு இந்தப் பெயர்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

டெலிபோன் பில்லை நிறுத்த, மில்லின் எல்லா மெஷின் பெயர்களையும் ஐபியையும் கையால் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி, அதை ஒவ்வொரு மெஷினுக்கும் ஃபிளாப்பியில் கொண்டுபோய்ப் போட்டோம். புது மெஷின் வந்தால் மறுபடி ஃபிளாப்பி, மறுபடி ஊர்வலம். பிறகுதான் படித்தேன், அமெரிக்காவிலும் இதையேதான் செய்திருக்கிறார்கள். ஆர்ப்பாநெட் காலத்தில் மொத்த நெட்வொர்க்குக்கும் ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்று ஒரே ஃபைல். ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் குழு அதை வைத்துப் பராமரித்தது. புதிய கம்ப்யூட்டருக்குப் பெயர் வேண்டுமா, அவர்களிடம் சொல்லி எழுதிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக இது தாங்காது என்று தெரிந்து, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற பெயர் அமைப்பை வடிவமைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ், நெட்வொர்க் ஒன்று சண்டித்தனம் செய்ததால், ஒரு ராத்திரியில் உட்கார்ந்து பிங் எழுதினார். நாம் அப்போது கபில்தேவ் லார்ட்ஸ் பால்கனியில் கோப்பையைத் தூக்கிய படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தோம். ஆக 1983-ல் முடிந்துபோன ஒரு விவகாரத்தை நூற்பாலையில் நாங்கள் ஃபிளாப்பியோடு மறுபடி அரங்கேற்றியிருக்கிறோம். வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த பில்லைப் பார்த்துவிட்டு அக்கவுண்டன்ட் எனக்கு டீ சொன்னார்.

லைன் இல்லாத நாட்களில் வேறு கூத்து. டெல்நெட்டில் சர்வருக்குள் நுழைந்தால் லாகின் கேட்பதற்குள் அரை டம்ளர் டீ காலியாகிவிடும். "மிஷின் யோசிக்குதுங்களா?" என்பார் அக்கவுண்டன்ட். நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தது. வருகிறவர் யார் என்று அவர் ஐபியை வைத்துப் பெயர் விசாரிக்கும். முதல் நேம்சர்வரிடம் கேட்டு 5 விநாடி காத்திருக்கும், அடுத்தவரிடம் கேட்டு 5 விநாடி, பிறகு நப்பாசையில் இன்னொரு சுற்று. எல்லோரும் மௌனம் சாதித்த பிறகு, சரி வந்துவிட்டுப் போ என்று கதவைத் திறக்கும். பெயர் தெரிந்திருந்தாலும் திறந்திருக்கும், தெரியாவிட்டாலும் திறந்துவிட்டது. அப்புறம் எதற்கு அந்த விசாரணை? எஸ்எஸ்எச் வந்த பிறகும் இது தொடர்ந்தது. ஓப்பன் எஸ்எஸ்எச்சில் இந்த விசாரணையை வழக்கமாகச் செய்யாமல் விட்டது 2015-ல்தான்.

இதைவிட அழகு ரவுட் கட்டளை. வெளியே போக வழியில்லை, எந்த கேட்வே என்று பார்க்கலாம் என்று ரவுட் என அடித்தால் ஸ்க்ரீன் உறைந்து நிற்கும். ரவுட்டிங் டேபிளில் இருக்கும் ஒவ்வொரு ஐபிக்கும் பெயர் கண்டுபிடித்து அழகாகக் காட்ட வேண்டும் என்று அதற்கு ஆசை. பெயர் கேட்க வழி வேண்டும். வழி இல்லை என்பதால்தானே இதை அடித்தோம்! டேஷ் என் சேர்த்து அடித்தால், எண்களாகவே காட்டு என்று அர்த்தம், சட்டென்று வந்துவிடும். டிசிபிடம்ப்பும் அப்படித்தான். டேஷ் என் போடாமல் ஓட்டினால் அது பிடித்த பாக்கெட்டுகளுக்கெல்லாம் பெயர் கேட்க ஆரம்பித்து, தான் கேட்ட கேள்விகளைத் தானே பிடித்துக் காட்டும். இந்தத் தொழிலில் ஒருவருக்கு அனுபவம் உண்டா என்று பார்க்க நான் சர்டிஃபிகேட் கேட்பதில்லை. டேஷ் என் தானாக விரலில் வருகிறதா என்று பார்ப்பேன்.

பழைய காலம் பொற்காலம் என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்கள். பைண்ட் நேம்சர்வரின் ஸோன் ஃபைலில் ஒவ்வொரு முழுப் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மில்லுக்கு லீஸ்டு லைன் வந்ததும் டை கட்டிய கன்சல்டன்ட் ஒருவர் சென்னையிலிருந்து வந்து மெயில் சர்வருக்குப் பதிவு எழுதினார், புள்ளியை விட்டுவிட்டார். புள்ளி இல்லாவிட்டால் பெயர் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு பைண்ட் தானே டொமைனைக் கடைசியில் ஒட்டும். மில் பெயரும் கோ.இன்னும் ஒரே முகவரியில் இரண்டு தடவை வர, எங்கள் மெயிலைத் தேடி உலகம் இல்லாத ஊருக்குப் போனது. கண்டுபிடித்துப் புள்ளி வைத்த பிறகும் சரியாகவில்லை. தேதி வாரியாக எழுதும் சீரியல் நம்பரையும் கூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது நேம்சர்வர் புதிதாக ஒன்றும் இல்லையென்று பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். கன்சல்டன்ட் இதற்குள் ரயிலேறிவிட்டார். நேம்சர்வர் பராமரிப்பு என்று பில் மட்டும் வந்தது.

ஆனால் ஒன்று. அந்த நாளில் தப்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. ஃபைலில் புள்ளி இல்லை, டேபிளில் கேட்வே இல்லை. போய்ப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு உதவிக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். முதலில் டிஎச்சிபி கிளையன்ட் வந்து, நீங்கள் எதற்குச் சிரமப்படுகிறீர்கள், ரிசால்வ்.கான்ஃப்பை நானே எழுதுகிறேன் என்றது. பிபிபிடி, நானும் எழுதுவேன் என்றது. நெட்வொர்க் மேனேஜர் வந்து இருவரும் ஒதுங்குங்கள் என்றது. ரிசால்வ்கான்ஃப் என்ற ஒன்று இவர்களுக்குள் பஞ்சாயத்துப் பண்ண வந்தது. கடைசியாக சிஸ்டம்டி வந்து மொத்த வீட்டையும் எழுதி வாங்கியது. கைப்பட எழுதிய இரண்டு வரியைக் காப்பாற்ற எங்கள் ஆட்கள் சேஞ்ச்அட்ரிப்யூட் கட்டளையால் ஃபைலுக்குப் பூட்டுப் போட்டார்கள். அந்தப் பூட்டு ரூட்டையே தடுக்கும். மூன்று பேர் வேலை மாறிப் போன பிறகு வந்து உட்கார்ந்தவர், நான் ரூட், எனக்கே அனுமதி இல்லை என்கிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

நெட்வொர்க் கார்டுகளின் பெயரும் மாறியது. முன்பு ஈத் சைபர், ஈத் ஒன்று. இரண்டு கார்டு இருந்தால் எந்த டிரைவர் முதலில் எழுந்ததோ அது சைபர். ஒரு ரீபூட்டில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் இடம் மாறிக்கொள்ளும் அபாயம் உண்டு. 2013 வாக்கில் இதற்கு முடிவு கட்டி, முன்கூட்டியே கணிக்கத்தக்க பெயர்கள் கொண்டுவந்தார்கள். கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்து இஎன்பி3எஸ்0 என்பது போல. கணித்தது சரிதான். வேறொரு கார்டைச் செருகும்போது எண்கள் நகர்ந்து, இஎன்பி3 இஎன்பி4 ஆகிவிடலாம் என்பதை மட்டும் முன்கூட்டிக் கணிக்க வேண்டியது நம் பொறுப்பு. கார்டுகளின் நிலையைப் பார்க்க ஐஎஃப்கான்ஃபிக் என்று விரல் பழக்கத்தில் அடித்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று புது சர்வர்கள் சொல்கின்றன. ஐபி என்ற கட்டளை அதன் இடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகத் தயாராக நின்றது, நாங்கள்தான் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்கே உரிய வீம்பு. ஐபி கட்டளை நல்ல கட்டளை. கேட்டாலொழிய அது பெயர் விசாரிக்கப் போகாது.

இப்போது இன்னொரு கம்பெனி, சென்னை ஓஎம்ஆரில். சர்வர் மேஜைக்கடியில் இல்லை. எங்கே இருக்கிறது என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்வது நாகரிகமும் இல்லை. மாதக் கடைசி, சம்பளம் போடும் ராத்திரி. சர்வர் பார்க்கும் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, கூகுள் பிங் ஆகுது. வெளிய எல்லாமே ஓகே. நம்ம பேரோல் டேட்டாபேஸ் பேர் மட்டும் ரிசால்வ் ஆகல. அப்படி ஒரு பேரே இல்லைங்குது."

"நேம்சர்வர் யாரு?"

"நம்ம உள் சர்வர் 172.18.5.10. ரெண்டாவதா 8.8.8.8. ரிசால்வ்சிடிஎல்ல ரெண்டுமே சரியா காட்டுதுண்ணா. ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன்."

இதற்குள் கான்ஃபரன்ஸ் கால் கூடிவிட்டது. டிஎன்எஸ் டீம், எங்கள் சர்வர் உயிரோடு இருக்கிறது, மற்ற மெஷின்களுக்கெல்லாம் பதில் சொல்கிறது என்றது. நெட்வொர்க் டீம், லிங்க் எல்லாம் பச்சை என்றது. ஃபயர்வால் பார்ப்பவர், ரூல் எதையும் தொடவில்லை என்று லாக்கை ஸ்க்ரீனில் விரித்தார். பிளாட்ஃபார்ம் டீம், சர்வர் பச்சை. அப்ளிகேஷன் டீம், எங்கள் கோடு நேற்று ஓடியதே. வரப்புத் தகராறில் பங்காளிகள் ஐந்து பேரும் ஆளுக்கொரு பத்திரத்தை நீட்டுவது போல ஆளுக்கொரு டேஷ்போர்டை நீட்டினார்கள். எல்லாப் பத்திரமும் உண்மை. நிலம் மட்டும் காணவில்லை.

கூகுள் தெரிகிறது, சொந்த டேட்டாபேஸ் தெரியவில்லை என்றால் அதற்கு ஒரு பொருள் உண்டு. முதல் நேம்சர்வர் வாய் திறக்கவில்லை, 127.0.0.53-இல் உட்கார்ந்திருக்கும் ரிசால்வ்டி சேவை இரண்டாமவரிடம் தாவிவிட்டது. அவர் கூகுளின் பொது நேம்சர்வர். 2009-லிருந்து உலகத்துக்கே பதில் சொல்கிறார், ஆனால் எங்கள் கம்பெனிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொன்னார்: அப்படி ஒரு பெயர் கிடையாது. இல்லை என்பதும் ஒழுங்கான பதில்தான். ஒழுங்கான பதில் வந்துவிட்டால் யாரும் வேறொருவரைக் கேட்க மாட்டார்கள். உள் சர்வருக்குத் துணையாக வெளி சர்வர் ஒன்றையும் எழுதிவைக்கும் இந்த வழக்கம் ஆபத்துக்கு உதவும் என்று நம்பி எல்லோரும் செய்வது. உதவவே உதவாது. பெயர் சமாசாரமே செத்துப்போயிருந்தால் சட்டென்று தெரிந்திருக்கும் ஒரு கோளாறுக்கு அது மாறுவேடம் போட்டுவிடும்.

அப்படியானால் முதலாமவர் ஏன் பேசவில்லை? தம்பியை நேராக 172.18.5.10-ஐ பிங் பண்ணச் சொன்னேன்.

"டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்ணா. நெட்வொர்க் டீம் மேலதான் போடணும்."

பிங் தோற்கும் விதங்களில் ஒவ்வொன்றும் ஒரு கதை. நெட்வொர்க் அன்ரீச்சபிள் என்றால் நம் ரவுட்டிங் டேபிளில் அந்தத் திசைக்கு ஒரு வரிகூட இல்லை. பாக்கெட் வாசலைத் தாண்டவில்லை. ஒன்றுமே வராமல் மௌனமாக இருந்தால், போனது, திரும்பவில்லை. வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், அல்லது பதில் வேறு வழியாகப் போய்த் தொலைந்திருக்கலாம். ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்றால் யாரோ ஒருவர் பொறுப்பாக, "அந்த ஆள் என் தெருவில்தான் இருக்க வேண்டும், கூப்பிட்டுப் பார்த்தேன், குரலே இல்லை" என்று எழுதி அனுப்பியிருக்கிறார். எழுதியவரின் விலாசம் அந்த வரியின் தொடக்கத்திலேயே, ஃப்ரம் என்பதற்குப் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

"அந்த ஃப்ரம் யாரு தம்பி?"

"172.18.0.1. கேட்வேயா இருக்கும்ணா."

"நம்ம கேட்வே எது?"

"10.20.4.1."

"அப்ப இவர் யாரு?"

பதில் இல்லை. லைனில் அவன் கீபோர்டு சத்தம் மட்டும். ஐபி ரவுட் கெட் என்று அடித்து அந்த எண்ணைக் கொடுக்கச் சொன்னேன். இந்தக் கட்டளை எனக்கு மிகவும் பிடித்தது. டேபிளை நாம் படித்து ஊகிக்க வேண்டியதில்லை. இந்த ஐபிக்கு இப்போதே ஒரு பாக்கெட் அனுப்புவதாக இருந்தால் எந்த வழி போவாய் என்று கெர்னலிடமே கேட்கிறோம், அது மழுப்பாமல் சொல்லும். சொன்னது. கேட்வே பக்கமே போகவில்லை. பிஆர் என்று தொடங்கி வாயில் நுழையாத எழுத்துக் கோவையில் முடியும் ஒரு பிரிட்ஜ் வழியாக, 172.18.0.1 என்ற தன் சொந்த விலாசத்திலிருந்து.

எழுதி அனுப்பிய பொறுப்பான ஆள் எங்கள் சர்வரேதான்.

"இன்னிக்கு இந்த சர்வர்ல யாராவது எதையாவது ஏத்துனாங்களா?"

"சாயங்காலம் ஒரு மானிட்டரிங் டூல் போட்டாங்கண்ணா. கன்டெய்னர்தான், சின்னது." கொஞ்சம் நிறுத்தி, "நெட்வொர்க் ஹெல்த் பாக்கறதுக்கு" என்றான்.

கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் வழக்கமாகத் தன் முதல் பிரிட்ஜுக்கு 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும். அடுத்து ஒரு நெட்வொர்க் கேட்டால் 172.18, அதற்கடுத்து 172.19. யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆர்எஃப்சி 1918 அனுமதித்த எண்கள்தானே. சர்வரில் ஏற்கெனவே தெரியும் ரவுட்டுகளோடு மோதுகிறதா என்று பார்க்கும். ஆனால் டிஎன்எஸ் சர்வர் இருக்கும் 172.18-க்கு எங்கள் டேபிளில் தனி வரி கிடையாது. டீஃபால்ட் கேட்வே பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தோம். கம்பெனியின் உள் நெட்வொர்க்கை வடிவமைத்தவரும் அதே ஆர்எஃப்சியைப் படித்துத்தான் அந்தத் தொகுதியை எடுத்திருந்தார். இரு தரப்புக்கும் பட்டா ஒரே இடத்திலிருந்து. ரவுட்டிங்கில் இதற்குத் தீர்ப்பு எளிது: எந்த வரி அதிகக் குறிப்பாகச் சொல்கிறதோ அதற்கே வெற்றி. டீஃபால்ட் கேட்வே என்பது மற்ற எல்லாம் என்று சொல்லும் வரி, அதாவது /0. 172.18.0.0/16 பதினாறு பிட் அளவுக்குக் குறிப்பாகச் சொல்கிறது. சாயங்காலம் கன்டெய்னர் எழுந்த விநாடியிலிருந்து, நேம்சர்வருக்குப் போக வேண்டிய கேள்விகள் எல்லாம் சர்வரின் வயிற்றுக்குள்ளேயே இருந்த ஒரு பிரிட்ஜில் இறங்கி, அங்கே இல்லாத ஆளைக் கூப்பிட்டுக் கொண்டிருந்தன. மானிட்டரிங் டூல் தன் நெட்வொர்க்கைப் பரிசோதித்து, பூரண ஆரோக்கியம் என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

பெயர்க் கோளாறு என்று டிஎன்எஸ் டீமையும், லிங்க் கோளாறு என்று நெட்வொர்க் டீமையும் குடைந்தது வீண். இது அவர்கள் யாருடைய டேஷ்போர்டிலும் தெரியக்கூடிய இடமில்லை.

சம்பளம் போட வேண்டுமே. அந்த ஒரே ஐபிக்கு /32 என்று தனி வரி எழுதி, கேட்வே வழியாகப் போ என்று சேர்த்தோம். 16-ஐவிட 32 குறிப்பானது, அதனால் பிரிட்ஜ் தோற்றது. ரிசால்வ்டியை ஒருமுறை எழுப்பிவிட்டதும் டேட்டாபேஸ் பெயருக்கு ஐபி வந்தது, சம்பளம் போனது. இந்த வரி ரீபூட் ஆனால் மறைந்துவிடும். அந்தக் காலமாக இருந்தால் ஆர்சி.லோக்கல் ஃபைலின் அடியில் ஒரு வரி போட்டிருப்போம். தற்காலிக ஏற்பாடுகள் அங்கேதான் நிரந்தரமாகக் குடியிருந்தன. நூற்பாலையை விட்டு வரும்போது அந்த ஃபைலில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியவையும் இருந்தன, எதற்கென்று தெரியாததால் நான் தொடாதவை.

நிரந்தர ஏற்பாடு மறுநாள். டாக்கரின் டீமன்.ஜேசன் ஃபைலில், இனிமேல் புது நெட்வொர்க்குகளுக்கு இந்தத் தொகுதியிலிருந்துதான் எண் எடுக்க வேண்டும் என்று எழுதி, பழைய நெட்வொர்க்கை அழித்துப் புதிதாக எழுப்ப வேண்டும். அந்த ஃபைலை எழுதுவதும் கையால் இல்லை. ஒரு ஆட்டோமேஷன் டூலுக்குள் மாற்றி, இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்து, அது போய் சர்வரில் எழுதும். எழுதும்போது ஃபைலின் மேலே அது வழக்கமாகச் சேர்க்கும் அறிவிப்பு என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜேசனில் கமென்ட் எழுத வழி இல்லாததால் இந்த ஒரு ஃபைல் மட்டும் தப்பித்தது.

தம்பி கொஞ்சம் வாடிப்போயிருந்தான். அவனுக்கு 2021 அக்டோபர் 4-ஐ ஞாபகப்படுத்தினேன். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளையில் ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதும் துண்டித்துப் போயிற்று. உலகம் முழுக்க இருந்த அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள், டேட்டா சென்டரோடு பேச முடியவில்லை, ஆகவே நாம் ஆரோக்கியமாக இல்லை என்று முடிவு செய்து, தங்களுக்கு வரும் வழிகளைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. அப்படி எழுதிவைத்தபடிதான் நடந்தன. சர்வர்களுக்கு உயிர் இருந்தது, அவற்றுக்குப் போக வழி இல்லை. ஆறு மணி நேரம் போல வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து மறைந்தன. "அதுக்கு மறுநாள் எனக்கு எக்ஸாம்ணா, நல்லா படிச்சேன்" என்றான் தம்பி.

சம்பவ அறிக்கை எழுதும் ஃபாரத்தில் மூல காரணம் என்று ஒரு கட்டம். அதில் நாமாக எழுத முடியாது, கொடுத்திருக்கும் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: நெட்வொர்க், டிஎன்எஸ், சர்வர், அப்ளிகேஷன், மற்றவை. தம்பி நெட்வொர்க் என்று போட்டான். எங்கள் சாதனம் எதிலும் கோளாறு இல்லை என்று நெட்வொர்க் டீம் திருப்பி அனுப்பியது. டிஎன்எஸ் என்று மாற்றினான். எங்கள் சர்வர் ஒரு விநாடிகூடப் படுக்கவில்லை என்று அவர்கள் கிராஃப் இணைத்துத் திருப்பினார்கள். பிளாட்ஃபார்ம் டீம், நாங்கள் கொடுத்தது வெறும் சர்வர், மேலே ஏற்றியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றது. மானிட்டரிங் டீமுக்குப் பட்டியலில் கட்டமே இல்லை. கடைசியில் மற்றவை என்று போட்டு மூடினோம். அந்த மாத அறிக்கையில் நெட்வொர்க் 100 சதவீதம், டிஎன்எஸ் 100 சதவீதம், சர்வர் 100 சதவீதம். மற்றவை என்பதற்கு சதவீதம் போடுவதில்லை.